தாளம் தப்பிய குதிரை

அந்தக் குதிரையைச் சுடுவதற்காகத்தான் என் கணவரை அழைத்தார்கள். அவர் அப்போது திருகோணமலையில் அரசாங்க மிருக வைத்தியர். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த வருடம் அது. அதன் அதிகாரிகள் சிலர் பொழுதுபோக்காக ஒரு சவாரிக் கழகம் நடத்திவந்தார்கள். ஊர் திரும்பும்போது குதிரைகளைக் கொண்டுபோக முடியாது. அமைதியான குதிரைகளை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கேட்டு வைத்திருந்தார்கள். செங்கபில நிறமான ஒன்றை மட்டும் எவரும் கேட்கவில்லை.

அது கொழும்பில் பந்தயம் ஓடி, வேகம் குறைந்ததும் கைமாறி வந்த குதிரை. வெறும் வெளியில் ஓட்டினால் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தாண்டுவதற்கென்று ஒரு மரத்தைக் குறுக்கே வைத்துவிட்டால் போதும். கண்டவுடன் தலையைத் தாழ்த்திக்கொண்டு விரைந்து போய், நேரம் தப்பிப் பாய்ந்து, மரத்தையும் தட்டித் தானும் இடறும். மேலே இருந்த ஒரு லெப்டினன்ட்டின் காறையெலும்பு அப்படித்தான் முறிந்தது. அதற்குப் பிறகு கழகத்தார் கூடி, இதை இன்னொருவர் தலையில் கட்டுவது சரியில்லை என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தில் எனக்கு இன்றும் பிழை தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் மருந்துப் பெட்டியும் துவக்குமாகப் போனவர் மத்தியானம் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து பார்த்தபோது அது எங்கள் செவ்வரத்தைப் பூச்செடியை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு நோய் ஒண்டும் இல்லை. நோயில்லாத மிருகத்தைச் சுடுறதுக்கு நான் படிக்கேல்லை."

கழகத்தாரிடம் அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். அவர்கள் போவதற்கு முன் சீனன்குடா விமானத்தளத்துப் புல்வெளியில் கடைசி விளையாட்டுப் போட்டி ஒன்று வைப்பதாக இருந்தது. அதில் குதிரை பாயும் போட்டியும் உண்டு. தோட்டத்துரைமாரும் வருவார்கள். அதற்குள் இந்தக் குதிரை ஒழுங்காகப் பாயப் பழகி, யாராவது விரும்பி எடுத்தால் சரி. இல்லாவிட்டால் அவரே தன் கையால் காரியத்தை முடிக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீத ஆசிரியை. அவர் நல்ல மனிதர், ஆனால் கதை குறைவு. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்குமாக மாடுகளையும் எருமைகளையும் தேடி அலைந்துவிட்டு வருவார், சாப்பிடுவார், தூங்குவார். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. சண்டை பிடிப்பதற்குப் பொதுவாக ஒரு விஷயம் இருக்கவில்லை என்பதே உண்மை.

அரசாங்கக் குவார்ட்டஸுக்குப் பின்னால் யுத்தகாலத்தில் கட்டிய தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. குதிரையை அதில் கட்டினார். கொள்ளு அவிப்பதும் தவிடு குழைப்பதும் என் தலையில் விழுந்தன. அவர் சென்னையில் படித்த காலத்தில் முறையாகக் குதிரையேற்றம் பழகியவர். ஆகவே காரியம் சுலபம் என்று நினைத்திருந்தார். உவர்மலையின் அடிவாரத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வெளி இருந்தது. பின்னேரங்களில் அங்கே போவதென்று முடிவானது. என்னையும் வரச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது அவ்வளவு பிடிக்கவில்லை.

"நான் விழுந்து கிடந்தால் ஆள் கூப்பிட ஒரு ஆள் வேணுமல்லோ."

அப்படியாக நான் ஒரு மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியின் ஓரத்தில் உட்காரத் தொடங்கினேன். குதிரையைப் பார்ப்பதில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டிய கீர்த்தனைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பேன். தலையைக் குனிந்திருந்தாலும் காது மூடியிருக்காது அல்லவா.

குதிரைக்கு நடை நான்கு விதம் என்று முதல்நாளே சொல்லியிருந்தார். சாதாரண நடை, அதற்கு மேல் ட்ரொட் என்கிற துள்ளோட்டம், அதற்கு மேல் கன்ரர் என்கிற மிதவோட்டம், கடைசியில் நாலுகால் பாய்ச்சல். தடை தாண்டுவதற்குக் கன்ரர்தான் உரியது. அது எனக்குக் கேட்டவிதம் இதுதான்: தகிட என்று மூன்று அடி, பிறகு மூச்சு விடுகிற அளவுக்கு ஓர் இடைவெளி. மறுபடி தகிட, மறுபடி இடைவெளி. அந்த இடைவெளியில் நான்கு காலும் நிலத்தைவிட்டு மேலே நிற்கும் என்று அவர் பிறகு விளக்கினார். எனக்கு அது தெரியாது. மிருதங்கக்காரர் ஒருவர் நிதானமாகத் திஸ்ரத்தில் வாசிப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

அவர் இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு சவுக்கு மரத்தைக் கிடத்தி அதைத் தாண்டவைக்கப் பார்த்தார். முதல் நாள் குதிரை மரத்தைத் தட்டிக்கொண்டு போனது. அடுத்த நாளும் அப்படியே. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார், அது இன்னும் பலமாக இழுத்துக்கொண்டு ஓடியது. தளர்த்திவிட்டார், அதற்கும் ஓடியது. மரத்தை உயர்த்தினால் பயந்து கவனமாகப் பாயும் என்று எங்கோ படித்ததை நம்பி உயர்த்தினார். அன்று குதிரை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். நான் கொப்பியை வைத்துவிட்டு ஓடினேன். அவர் எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பிவிட்டு, கடைசி நேரத்தில் அதற்கு என்ன பேய் பிடிக்கிறதென்று விளங்கவில்லை என்றார்.

"கடைசி நேரத்தில இல்லை," என்றேன். "நீங்கள் அந்த ஆவரசம் பத்தையைத் தாண்டேக்கையே பிழைச்சுப் போகுது."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஆவரசம் புதர், குறுக்குமரம் வைத்திருந்த இடத்திலிருந்து நல்ல தூரம்.

"நீர் பாக்கிறதே இல்லையே. என்னெண்டு தெரியும்?"

"கேக்குது. அந்த இடத்திலிருந்து இடைவெளி இல்லாமப் போகுது. தகிட தகிட எண்டு வந்தது தகதிமி எண்டு நாலாகி ஓடுது."

அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு எழுந்து குதிரையைப் பிடித்து, நொண்டுகிறதா என்று காலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏறினார். அன்று அவர் மரத்தைத் தாண்டவில்லை. அதை நோக்கிப் போய், பத்தையடியில் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, அந்தச் சத்தத்தைத் தானும் கேட்கப் பார்த்தார். கேட்கவில்லை என்றார். குதிரைமேல் இருப்பவருக்குக் காற்றும் தன் மூச்சும்தான் கேட்கும் போலிருக்கிறது. ஆனால் வேறொன்று தெரிந்ததாம். அந்த இடத்துக்கு வந்ததும் தன் உடம்பு தானாகவே முன்னுக்குச் சாய்கிறது என்றார்.

அன்று இராச் சாப்பாட்டின்போது அவர் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை. பந்தயக் குதிரை தன் பாரத்தை முன்னங்கால்களில் போட்டு ஓடப் பழகியது. பாய்வதற்கு முன் பாரம் பின்னங்கால்களுக்கு வரவேண்டும், அப்போதுதான் முன்பக்கம் மேலே எழும்பும். தலைப்பாரம் கூடிய வள்ளம் அலையில் ஏறாமல் குத்துகிறதே, அதுபோல என்றார். மரத்தைக் கண்டதும் ஏறியிருப்பவர் பயத்தில் முன்னுக்குச் சாய்கிறார், இருக்கிற பாரத்தோடு அதுவும் சேர்ந்து முன்னங்காலில் விழுகிறது. குதிரை விழாமல் இருப்பதற்காகவே ஓடுகிறது. அது அடங்காத குதிரை இல்லை, நிலைகுலைந்த குதிரை. சோற்றைப் பிசைந்த கையைக் கழுவ மறந்து, கறிக் கோப்பையைக் குதிரையாக வைத்து எனக்குக் காட்டினார்.

அதன் பிறகு வெளியில் ஒரு புதிய ஒழுங்கு வந்தது. தாண்டுவதா இல்லையா என்று முடிவு செய்வது என் பொறுப்பு. நடை சரியாக இருந்தால் நான் "போகலாம்" என்று கூப்பிட வேண்டும். இடைவெளி தேய்ந்தால் "வேண்டாம்". வேண்டாம் என்றால் அவர் மரத்தை விட்டு விலகி ஒரு பெரிய வட்டம் போட வேண்டும், நடை திரும்பும்வரை. மரத்தை நோக்கி ஓடினால் மரம் கிடைக்காது, நிதானமாக வந்தால் கிடைக்கும் என்று குதிரைக்கு விளங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மரங்களை நிலத்திலேயே கிடத்தி, குதிரையின் ஒரு எட்டுக்கு ஒன்றாக இடைவெளி விட்டு, அவற்றின்மேல் கன்ரரில் போகவைத்தார். நிலத்தில் கிடக்கிற மரம் அதற்குப் பயமில்லை, ஆனால் காலை எங்கே வைப்பதென்று யோசிக்கவைத்தது. துள்ளோட்டத்திலிருந்து கன்ரருக்கு, கன்ரரிலிருந்து துள்ளோட்டத்துக்கு என்று மாற்றி மாற்றிப் போனார். ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கும்போதும் அது பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து குந்தும். அப்படிக் குந்திப் பழகுவதுதான் தேவை. மலையடியிலிருந்த சிறு சரிவில் மெல்ல இறக்கி ஏற்றினார். இடக்கைப் பக்கம் வட்டம் போடச் சொன்னால் அது மரக்கட்டை மாதிரி விறைத்தது. பந்தயத்தில் ஒரு பக்கமாகவே சுற்றி ஓடி வந்த குதிரை என்று, அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தார்.

எல்லா நாளும் முன்னேற்றம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சில நாள் நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியே தொண்டை கட்டிப்போய் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாட முடியாமல் நின்றிருக்கிறேன். ஒருநாள் அவர் நான் வேண்டாம் என்ற பிறகும் மரத்துக்கே போனார். குதிரை தட்டியது. திரும்பி வந்து, இறங்கி, விழுந்த மரத்தைத் தானே எடுத்து வைத்தார். இன்னொருநாள் எனக்கே சலித்து, இந்தச் சனியனைச் சுட்டிருந்தால் என்ன என்று நினைத்தேன். ஆனால் பின்னேரமானதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் நடந்தேன்.

மெல்ல மெல்ல அந்த இடைவெளி நிலைத்தது. குறுக்குமரத்தை முழங்கால் உயரத்துக்கு வைத்தபோது குதிரை அதை ஒரு பெரிய எட்டாக எண்ணித் தாண்டிவிட்டுப் போனது. தாண்டும்போது கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, மறுபக்கம் இறங்கியதும் பழைய நடையையே பிடித்தது. நான் முதன்முறையாகக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் மூதூர்ப் பக்கம் எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. அவர் லோஞ்ச் படகில் ஏறி ஊசி போடப் போனார். பின்னேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மூதூர் முஸ்லிம் கமக்காரர் ஒருவர் நின்றார், பின்னால் என் கணவர், வலது கையைச் சால்வையால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி.

"பயப்படாதீங்க தங்கச்சி. எரும தள்ளிப்போட்டுது, கை பட்டிக் கட்டையில அடிபட்டுட்டுது. ஆசுபத்திரியில காட்டித்தான் கூட்டி வாறன்."

அந்த மனிதர் தன் அறுவடை வேலையையும் விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச் சட்டியைக் கொடுத்துவிட்டு, கடைசி லோஞ்சுக்கு ஓடினார். என் கணவரின் மணிக்கட்டு முறிந்திருந்தது. கை அசையாதபடி பத்துப் போட்டுக் கட்டியிருந்தார்கள். போட்டிக்குள் அது குணமாகாது என்பதை அவர் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றிரவு முழுதும் அவர் கொட்டகைப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் கழகச் செயலாளரிடம் போய், ஏறுவதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு அடுத்த நாள் பின்னேரம் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் எங்கள் படலையடியில் வந்து இறங்கினார். இளம் ஆள்தான். முகத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, காறையெலும்பு முறிந்த லெப்டினன்ட் இவர்தான் என்று தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, குதிரையைச் சுடவேண்டும் என்று கை உயர்த்தியவர்களில் முதல் ஆள் தானே என்று சொன்னார். அதற்குப் பிறகு தான் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை, ஏறாமலே ஊருக்குப் போய்விட்டால் வாழ்நாளில் ஏறப்போவதில்லை என்று பயமாக இருக்கிறது என்றார். டாக்டருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் போட்டியில் தான் ஏறுவதாகக் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரர் முன்னால் ஒரு விஷயத்துக்கு அவர் என் சம்மதத்தைப் பார்த்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"வரட்டுமன்," என்றேன்.

முதல்நாள் வெளியில் லெப்டினன்ட் ஏறியதும் குதிரையின் காது பின்னுக்குப் போனது. அவருடைய விரல்கள் கடிவாளத்தில் வெளுத்திருந்தன. மரம் எதையும் நாங்கள் வைக்கக்கூட இல்லை, வெறும் வெளியிலேயே நடை கெட்டுத் தகதிமி ஆகிவிட்டது. எங்கள் உழைப்பெல்லாம் மண்ணாய்ப் போனதென்று நினைத்தேன். என் கணவர் ஆங்கிலத்தில் பாரம், பின்னங்கால், முதுகு என்று நீளமாக விளக்கினார். லெப்டினன்ட் தலையாட்டினார், இதெல்லாம் அவர் ஊரில் சின்ன வயதிலேயே கேட்டிருப்பார். ஆனால் பயந்த உடம்புக்கு விளக்கம் ஏறாது. மேடையில் முதல்தரம் ஏறுகிற பிள்ளைகளோடு பழகியவள் ஆதலால் எனக்கு அது தெரியும். பயந்த பிள்ளை முதலில் மூச்சைத்தான் பிடித்துக்கொள்ளும்.

நான் கதிரையைவிட்டு எழுந்து போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மூன்று எண்ணி ஒரு மூச்சு விடவேண்டும் என்றேன். கையால் தட்டிக் காட்டினேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, இது வால்ஸ் அல்லவா என்று கேட்டார். வெள்ளைக்காரர் சோடி சேர்ந்து ஆடுகிற மூன்றடி ஆட்டம் அது. ரேடியோவில் அந்தச் சங்கீதத்தை நானும் கேட்டிருந்தேன். முற்றிலும் சரியில்லை, ஆனால் கிட்டத்தட்டச் சரி. அப்படியானால் அதையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போங்கள் என்றேன். முணுமுணுக்கிற ஆளுக்கு மூச்சைப் பிடிக்க முடியாது.

அன்று இருட்டும்வரை வட்டம் மட்டும் போட்டார். அடுத்தடுத்த நாட்களில் நிலத்து மரங்கள், பிறகு உயர்த்திய மரம். "போகலாம்", "வேண்டாம்" இரண்டையும் நான் தமிழிலேயே கூப்பிட்டேன், அவரும் பழகிக்கொண்டார். நான் கூப்பிடுவதற்கு முன்பே சில சமயம் அவர் தானாக "வெண்டம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார். அது நல்ல அறிகுறி என்று என் கணவர் சொன்னார். அவருக்குள் ஒரு வருத்தம் இருந்திருக்கும். தான் திருத்திய குதிரையில் இன்னொருவர் ஏறிப் போவதைப் பத்துப் போட்ட கையோடு பார்த்துக்கொண்டு நிற்பது எளிதல்ல.

போட்டி நாளில் சீனன்குடாவுக்கு எங்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். சாதாரண நாளில் உள்ளே விடாத இடம். எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டிப் போனால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல்லை வெட்டி, கயிறு கட்டி, வெள்ளையும் சிவப்பும் அடித்த மரங்களால் தடைகள் அமைத்திருந்தார்கள். தொப்பி போட்ட துரைசானிமார் கூடாரத்தின் கீழ் இருந்தார்கள். எங்களுக்கும் கதிரை தந்தார்கள். நான் கஞ்சி போட்ட நூல் சேலையில் வியர்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கு வெளியேயிருந்து கூப்பிடுவது விதிப்படி குற்றம் என்று முதலே சொல்லிவிட்டார்கள். ஆக எனக்கு அங்கே வேலை இல்லை.

எங்கள் குதிரை உள்ளே வந்தது. முதலாவது தடையைச் சுத்தமாகத் தாண்டியது. இரண்டாவதும் அப்படியே. நான் கண்ணை மூடித்தான் இருந்தேன், சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மூன்றாவதுக்குத் திரும்பும்போது ஓடுபாதையின் அந்தப்பக்கம் ஒரு விமானத்தின் இயந்திரத்தை முடுக்கினார்கள். அந்த இரைச்சலில் எல்லாம் அடங்கிப்போயிற்று. என் கணவர் குனிந்து காதோரம் கேட்டார்:

"என்ன மாதிரி?"

"ஒண்டும் கேக்கேல்லை."

கண்ணைத் திறந்தேன். திறந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தக் குதிரையைக் கேட்டேனே தவிரப் பார்த்துப் பழகவில்லை. தலை தாழ்வது மட்டும் தெரிந்தது. மூன்றாவது தடையின் மேல்மரம் பறந்து விழுந்தது. கூடாரத்துக்குள் யாரோ உச்சுக் கொட்டினார்கள். குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நாலாவது தடையை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. முன்பு லெப்டினன்ட் விழுந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். என் கணவரின் நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பொது இடத்தில் அவர் அப்படிச் செய்கிறவர் அல்லர்.

லெப்டினன்ட் நாலாவது தடைக்குப் போகவில்லை. முதுகை நிமிர்த்தினார். வாய் அசைவது தெரிந்தது. தடைக்கு முன்னால் குதிரையைத் திருப்பி, எல்லோரும் பார்க்க, புல்வெளியின் நடுவில் ஒரு பெரிய வட்டம் போட்டார். போட்டியில் அப்படித் திரும்புவது தடைக்கு மறுத்ததற்குச் சமம், புள்ளி வெட்டுவார்கள். அவருக்கு அது தெரியாததல்ல. ஒரு வட்டம் போதாமல் இன்னொன்றும் போட்டார். சனங்கள் முணுமுணுத்தார்கள். அதற்குள் விமானம் நகர்ந்து தூரப் போய்விட்டது, சத்தம் எனக்குத் திரும்பக் கேட்கத் தொடங்கியது. மூன்று அடி, இடைவெளி. மூன்று அடி, இடைவெளி.

"போகலாம்," என்று என் வாய் தானாகச் சொன்னது. அவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அவர் போனார். நாலாவதும், அதற்குப் பிறகு இருந்த எல்லாத் தடைகளும் சுத்தமாகத் தாண்டப்பட்டன. கடைசித் தடை இரட்டை மரம். அதற்கு முன்னால் குதிரை பின்பக்கத்தைத் தாழ்த்திக் குந்தி எழும்பியதை நானே கண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. கடைசிக்கு முந்திய இடம் என்று நினைக்கிறேன். லெப்டினன்ட் இறங்கி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார், மூன்றாவதில் தான் முன்னுக்குச் சாய்ந்துவிட்டதாக. என் கணவர், நானும் சாய்ந்திருப்பேன் என்றார். இருவரும் இடக் கையால் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கூடாரத்திலிருந்து ஒரு தோட்டத்துரை எழுந்து வந்தார். நானுஓயாப் பக்கத்தவர். வென்ற குதிரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. வெறி பிடித்து ஓடத் தொடங்கிய குதிரையைச் சவுக்கில்லாமல் இழுபறியில்லாமல் மறுபடி நிதானத்துக்குக் கொண்டுவர முடிகிறதென்றால், அதில் தன் மகளை ஏற்றலாம் என்றார். இதை எவர் பழக்கியது என்று கேட்டார். என் கணவர் கொஞ்சமும் யோசிக்காமல் பத்துப் போட்ட கையால் என்னைக் காட்டினார். துரை சிரித்தார், பகிடி என்று நினைத்திருப்பார். நானும் திருத்தப் போகவில்லை.

சில நாளில் குதிரையை ரயில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் ஏற்றினோம். என் கணவர் உள்ளே போய் வைக்கோலை விரித்து, கயிற்றின் நீளத்தைச் சரிபார்த்து, இறங்கி வந்தார். கொட்டகையைக் கழுவிவிட்ட பிறகும் வாசம் நெடுநாள் போகவில்லை. லெப்டினன்ட்டும் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் போய்விட்டார். போகுமுன் வந்து, கொழும்பில் ஒரு குதிரையில் ஏறினேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரங்களில் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லாதுபோயிற்று. ஆனால் பழகிவிட்டபடியால் அந்த நேரத்தில் இருவருமாக வெளிக்கு நடந்து போய், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்துவிட்டு வருவோம். மாடுகளைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றி, அவருடைய மேலதிகாரியைப் பற்றி. சண்டையும் பிடித்தோம்.

அவருடைய மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே பொருந்தியது. அதன் பிறகு அவர் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. சில வருடங்கள் கழித்து அவருக்கு மலைநாட்டுக்கு மாற்றம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பங்களாவுக்குக் கீழே பனி மூடிய புல்தரையில் செங்கபிலக் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. துரையின் மகள், நெடுத்த பெண்ணாக வளர்ந்திருந்தவள், வேலியருகே வந்து எங்களோடு கதைத்தாள். இது பாய்கிறதா என்று என் கணவர் ஆவலோடு கேட்டார். இல்லை, வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பாயவில்லை, அப்பா விடமாட்டார் என்றாள். தேயிலைக்குள் போகிற பாதைகளில் நடக்கத்தான் ஏறுவதாகவும், இவ்வளவு சாதுவான குதிரை இந்தப் பக்கத்தில் இல்லை என்றும் சொன்னாள்.

அவர் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார். குதிரை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் இல்லையென்று கண்டு, புல்லுக்குத் திரும்பியது.

"எங்களை அடையாளம் தெரியேல்லைப் போல," என்றார்.

"அதுக்கென்ன," என்றேன். மழை தூறத் தொடங்கியது. குடை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம். அதற்குள் இருவருமாக ஒதுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினோம்.